பதினைந்து டேப்லெட்டும் கால் பங்குப் பாடமும்

மொரிஷியசில் ரோஸ்ஹில் பகுதிக் கோவில் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 34 பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். எல்லோர் வீட்டிலும் பிரெஞ்சின் அடியாகப் பிறந்த கிரியோல் மொழிதான் பேச்சு. கற்பித்த சொற்களில் பெரும்பாலானவை அடுத்த சனிக்கிழமைக்குள் மறந்துபோகின்றன. இந்நிலையில் நன்கொடையாளர் ஒருவர் 15 டேப்லெட்டுகளும் ஒரு தமிழ்ச் செயலிக்கான ஆண்டுச் சந்தாவும் தர முன்வந்திருக்கிறார். நிர்வாகக் குழுவிலுள்ள இளைஞர் ஒருவர், பிள்ளை தானே தேடிக் கற்பதுதான் கல்வி, ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனப்பாடம் இல்லாமல் மொழி வராது, கருவியெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார். அதே செயலியை வீட்டில் பயன்படுத்தி 400 நட்சத்திரம் வாங்கிய ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வகுப்பில் "தண்ணீர் வேண்டும்" என்று கேட்கத் தெரியாமல் நின்றாள். "எந்தக் கொள்கை சரி? டேப்லெட்டுகளை ஏற்றுக்கொள்ளலாமா?" என்று ஆசிரியை கேட்கிறார்.

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தவள் அந்த ஒன்பது வயதுச் சிறுமி. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று சரியாகப் புரிந்துகொண்டால், டேப்லெட்டைப் பற்றிய முடிவும் கொள்கைகளைப் பற்றிய வாதமும் பாதி தீர்ந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவள் கற்கவில்லை என்று சொல்வது அநியாயம். செயலி அவளிடம் எதைக் கேட்டதோ அதை அவள் நன்றாகவே கற்றிருக்கிறாள். இத்தகைய செயலிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் செய்யப்பட்டவை: திரையில் பால், தண்ணீர், சோறு, பழம் என நான்கு படங்கள் தோன்றும், "தண்ணீர்" என்று ஒரு குரல் ஒலிக்கும், பிள்ளை சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் விழும். கண்ணெதிரே இருப்பவற்றுள் ஒன்றை அடையாளம் காண்பது ஒரு வேலை; கண்ணெதிரே எதுவும் இல்லாதபோது ஒரு சொல்லை நினைவிலிருந்து எடுத்து நாவுக்குக் கொண்டுவருவது முற்றிலும் வேறு வேலை. முன்னதை நானூறு முறை பழகியதால் பின்னது தானாக வந்துவிடாது. சனிக்கிழமை அவளுக்குத் தாகம் எடுத்தபோது நான்கு படங்களை அவள் முன் யாரும் நீட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைய செயலிகளுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது, அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1954இல் செய்து காட்டிய கற்பிக்கும் இயந்திரம். முந்தைய ஆண்டு தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனவர், போட்ட விடை சரியா தவறா என்று உடனே அறிய வழியில்லாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பாடத்தைச் சிறு சிறு படிகளாக்கி ஒவ்வொரு படியிலும் உடனுக்குடன் விடை காட்டும் பெட்டியைச் செய்யத் தொடங்கினார். ஆனால் ஒன்றில் அவர் பிடிவாதமாக இருந்தார். மாணவர் விடையைத் தாமே அமைக்க வேண்டுமே தவிர, கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைப் பொறுக்கக் கூடாது என்றார். அவருடைய உடனடிப் பாராட்டைச் செயலிகள் அப்படியே எடுத்துக்கொண்டன. பிடிவாதத்தை மட்டும் விட்டுவிட்டன. பொறுக்க வைப்பது நிரல் எழுதுவோருக்கு எளிது, பிள்ளை வாய்திறந்து சொன்னதைச் சரிபார்ப்பது கடினம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் குழுவின் வாதத்துக்கு வருகிறேன். இளைஞர் சொல்வது வெறும் நாகரிகப் பேச்சன்று. குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே பல்லாண்டு ஆய்வில் காட்டினார். அவருடன் ஜெனீவாவில் பணியாற்றிய பாப்பெர்ட், நமக்கு அக்கரையான தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர், 1967இல் தோழர்களோடு லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கி, கணினி குழந்தையை இயக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை இயக்க வேண்டும் என்று வாதிட்டார். இவையெல்லாம் எனக்கு உடன்பாடே. ஆனால் ஒரு வேறுபாட்டை இளைஞருக்கு மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள். பத்துக் கூழாங்கற்களை வட்டமாக வைத்தாலும் வரிசையாக வைத்தாலும் பத்துதான் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கலாம். அந்த உண்மை கற்களிலேயே இருக்கிறது. நீருக்குத் தமிழில் "தண்ணீர்" என்று பெயர் என்பதை எவ்வளவு நேரம் தேடினாலும் நீரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அது மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே சொல்லைக் கொடுப்பதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்வது சரி. கொடுத்த சொற்களை வைத்து என்ன பேசுவது என்பதில் இளைஞர் சொல்வது சரி. இருவரும் ஒரே வகுப்பின் வெவ்வேறு அரைமணி நேரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இருவருக்கும் பொதுவாகக் காட்டத்தக்க ஒரு கணக்கு நம்மிடமே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், மாணவன் பாடம் கேட்கும் முறை விளக்கப்படுகிறது. ஆசான் சொன்னதை முழுக்கவனத்துடன் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி இரண்டு கால்களும், அதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் வருகின்றன. இலக்கணத்துக்கு முன்னுரையாக வரும் இப்பகுதியை நாம் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிட்டோம். பங்குகளின் அளவை யாரும் அளவுகோல் வைத்து அளந்திருக்க மாட்டார்கள். ஆனால் எடுத்துரைத்தலுக்கு அதிகப் பங்கு கொடுத்த வரிசை மிகச் சரி. உங்கள் வகுப்பிலும், அச்செயலியிலும், உண்மையைச் சொன்னால் நான் பயிற்சி கொடுத்த பல வகுப்புகளிலும், பிள்ளைக்கு அந்தக் கால் பங்கு மட்டுமே கிடைக்கிறது.

பிற்காலத்தில் இதே கருத்து கப்பலேறிப் போன கதையும் உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அருகிலிருந்த திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளிக்கு எடுத்துச் சென்று, பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறியவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அது மதராஸ் முறை என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளி ஒன்று ஸ்காட்லாந்தில் இன்றும் மதராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது. அந்த முறையை இயக்கிய கருவி மணல். அதற்குச் சந்தா கிடையாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் விரலும் எழுத்தைத் தானே உண்டாக்க வேண்டியிருந்தது.

மறதியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். ஆனால் அது உங்கள் குறையும் அன்று, பிள்ளைகளின் குறையும் அன்று. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக்கி, மறதியின் வேகத்தை அளந்து ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885இல் வெளியிட்டார். கற்ற சிறிது நேரத்துக்குள் பெரும் பகுதி நழுவிவிடுகிறது, பிறகு வேகம் குறைகிறது என்பதும், ஒரேயடியாகப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்பதும் அன்றே தெரிந்தவை. அதனினும் பயனுள்ள முடிவு 2006இல் வந்தது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு உரைப்பகுதிகளைக் கொடுத்து, ஒரு சாராரை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்கள். மற்ற சாராரைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்களுக்கு நினைவில் நின்றது 42 விழுக்காடு; எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. உங்கள் வகுப்புக்கும் இடைவெளி சரியாக ஒரு வாரம்தான். வகுப்பு முடியும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதும், அடுத்த வாரம் எதுவும் இல்லாமல் போவதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே கருவி எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் புதுப்பாடம் வேண்டாம், புத்தகம் வேண்டாம், பலகையில் ஒன்றும் எழுத வேண்டாம். போன வாரச் சொற்களையும் மூன்று வாரங்களுக்கு முந்தைய சொற்கள் சிலவற்றையும் பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்கட்டும், திணறட்டும், விடையை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் திணறலில்தான் வேலை நடக்கிறது. வீட்டுக்கு ஒரு செருப்புப் பெட்டி போதும். அதைத் தடுப்புகள் வைத்து ஐந்து அறைகளாக்கி, ஒரு பக்கம் படமும் மறுபக்கம் சொல்லும் உள்ள அட்டைகளை முதல் அறையில் போட வேண்டும். படத்தைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லை வாய்விட்டுச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், அடுத்தடுத்த அறைகளை மேலும் மேலும் இடைவெளி விட்டும் பார்க்க வேண்டும். லெயிட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. கணினியில் பலர் பயன்படுத்தும் நினைவட்டைச் செயலிகள் அடிப்படையில் இந்தப் பெட்டியையே செய்கின்றன. தமிழ் தெரியாத தாயும் அட்டையின் பின்புறத்தில் கிரியோல் ஒலிப்பில் ஒரு குறிப்பு இருந்தால் பிள்ளையைச் சோதிக்கலாம்.

எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் செயலி இந்த ஊரை அறியாது. அது ஆப்பிளிலும் யானையிலும் தொடங்கும். உங்கள் பிள்ளைகளோ கிரியோலுக்குள்ளேயே தமிழ்ச் சொற்களை வைத்திருக்கிறார்கள்: கோவில், காவடி, பூசாரி, சாமி, பொங்கல், வாழையிலையில் ஏழு கறியோடு வரும் "ரசோன்". கற்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதே புதிய கற்றலை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஆசுபெல் 1968இல் எழுதினார். "ரசோன் வேண்டும்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு "ரசம் வேண்டும்" அரை அடி தூரம். அங்கிருந்து "தண்ணீர் வேண்டும்" இன்னும் அரை அடி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் மண்டபத்தில் பெரியவர்கள் சமைக்கும்போது, பரிமாறும் வரிசையில் பிள்ளைகளை நிறுத்தி "இன்னும் கொஞ்சம் போடவா?", "போதும்", "கறி வேண்டும்" என்ற மூன்றே வாக்கியங்களை ஓட விடுங்கள். எந்தத் திரையும் தராத சூழல் அது.

தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் நான் என்று இதுவரை படித்தவர் நினைக்கலாம். அப்படியல்ல. சில வேலைகளை உங்களால் செய்யவே முடியாது, கருவியால் முடியும். முதலாவது, ல, ள, ழ. கிரியோலையும் பிரெஞ்சையும் கேட்டு வளர்ந்த செவிக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே விழும். த, ட வேறுபாடும் அப்படியே. பச்சைக் குழந்தைகள் தம் சூழலில் இல்லாத ஒலி வேறுபாடுகளையும் முதலில் பிரித்தறிகின்றன; முதல் ஆண்டு முடிவதற்குள் அத்திறன் மங்கிவிடுகிறது என்று உளவியலாளர் ஜேனட் வெர்க்கர் 1984இல் காட்டினார். மங்கியதைத் திரும்பப் பெற முடியாதா என்றால், ஓரளவு முடியும். ஆங்கிலத்தின் ரகர லகரங்களைப் பிரிக்கத் திணறும் ஜப்பானியர்களுக்குப் பல மனிதர்களின் குரலில் பல சொற்களைக் கேட்க வைத்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று சொன்னபோது முன்னேற்றம் வந்ததாக 1991இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதில் உயிர்நாடி "பல மனிதர்கள்" என்பது. நீங்கள் எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும் உங்களிடம் ஒரு குரல்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள உறவினர், நண்பர் பத்துப் பேரிடம் "கலை, களை, கழை", "வலி, வளி, வழி" என்ற சொற்களை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். ஆண், பெண், கிழவர், சிறுவர் என்று குரல்கள் கலந்திருக்கட்டும். அவற்றைத் தொகுத்துக் கேட்க வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லும் வேலைக்கு டேப்லெட் அருமையான கருவி.

இரண்டாவது, உயிருள்ள எதிர்ப்பேச்சு. அமெரிக்காவின் சியாட்டிலில் மொழி ஆய்வாளர் பெட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து 12 முறை விளையாட்டும் கதையுமாகப் பேசினார்கள். வேறு சிலருக்கு அதே பேச்சு திரையில் காட்டப்பட்டது, அல்லது ஒலியாக மட்டும் தரப்பட்டது. நேரில் கேட்டவை சீன ஒலிகளைப் பிரிக்கக் கற்றன. திரையும் ஒலிநாடாவும் ஒன்றும் கற்றுத் தரவில்லை. கைக்குழந்தைகளின் முடிவை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஆனால் 2014இல் வந்த இன்னோர் ஆய்வு வழியைத் திறக்கிறது: இரண்டு முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகள் முன்பதிவு செய்த காணொளியிலிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்கவில்லை, எதிர்முனையில் இருப்பவர் தங்களுக்கே மறுமொழி சொல்லும் காணொளி அழைப்பிலிருந்து கற்றன. வேறுபாடு கண்ணாடித் திரையில் இல்லை. கேட்டதற்கு மறுமொழி வருகிறதா என்பதில் இருக்கிறது. இந்தியாவுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. உங்கள் வகுப்பு காலை பத்து மணிக்கு என்றால் தமிழ்நாட்டில் பதினொன்றரை. அங்கே ஒரு வகுப்போடு மாதம் இருமுறை இருபது நிமிடம் பேச ஏற்பாடு செய்துகொண்டால், உங்கள் பிள்ளைகள் காவடியைப் பற்றிச் சொல்லட்டும், அவர்கள் தங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்லட்டும்.

மூன்றாவது, பவணந்தியார் சொன்ன அந்தப் பாதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நால்வரைக் கூட்டி, ஆறு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நிமிடப் பாடத்தைத் தாங்களே பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தட்டிலிருக்கும் ஐந்து பொருள்களின் பெயர், அவ்வளவு போதும். பதிவில் தவறு இருந்தால் அவர்களே கேட்டுக் கண்டுபிடித்து மறுபடி பதிவு செய்வார்கள். ஐந்தாறு முறை பேசாமல் ஒரு நல்ல பதிவு வராது. சிறியவர்களுக்கு அந்தக் காணொளி எவ்வளவு பயன்படும் என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

விசைப்பலகையில் எச்சரிக்கையாக இருங்கள். "vanakkam" என்பதை உரோமன் எழுத்தில் தட்டினால் தமிழில் மாற்றிக் காட்டும் வசதி நமக்கு எளிதே தவிர, கற்கும் பிள்ளைக்குக் கேடு. அவன் தமிழ் எழுத்தை உண்டாக்குவதில்லை, மறுபடியும் பொறுக்குகிறான். தமிழ் 99 விசைப்பலகையில் மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டி உயிர்மெய்யைப் பிள்ளையே கூட்ட வேண்டியிருப்பதால் அது நம் எழுத்தின் அமைப்பையே கற்பிக்கிறது. ஆறு, ஏழு வயதினருக்கு அதுவும் வேண்டாம், கையால் எழுதட்டும். படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் 2012இல் நடந்த மூளைப் படிம ஆய்வில், தட்டச்சு செய்த எழுத்தையும் கோட்டின் மேல் இழைத்த எழுத்தையும்விட, தானே கையால் எழுதிய எழுத்தைப் பார்த்தபோதுதான் படிப்போடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழித்தன.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். 1973இல் அமெரிக்க உளவியலாளர் லெப்பரும் தோழர்களும், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் சிலருக்கு "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் பரிசு கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு இல்லாத நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தன. பிடிக்காத வேலைக்குப் பரிசு தருவதில் இந்தக் கேடு இல்லை. ஆனால் தமிழை நட்சத்திரம் வாங்கும் வழியாகப் பழகிய பிள்ளை, நட்சத்திரம் நின்ற நாளில் தமிழை ஏன் பேச வேண்டும்?

கடைசியாக நன்கொடை. தென்னமெரிக்க நாடான பெருவில் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் ஏராளமாகக் கொடுக்கப்பட்டன. 319 பள்ளிகளை 15 மாதம் கழித்து ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை, பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. கருவி வந்தது, கற்பிக்கும் முறை அப்படியே இருந்தது. எனக்கே இந்த அனுபவம் உண்டு. மின்பலகை வந்த காலத்தில் ஒரு பள்ளியில் ஆறு வாரம் உழைத்து அழகழகான பாடங்களைத் தயாரித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பலகையைத் தொட்டவரும் பேசியவரும் ஆசிரியர் ஒருவரே. நான் தயாரித்தது ஆசிரியருக்கான பாடம் என்பது எனக்கு விளங்கப் பிறகு ஒரு பருவம் ஆயிற்று.

நன்கொடையை மறுக்க வேண்டாம், வேறு வழியில் திருப்பி விடுங்கள். 34 பிள்ளைகளுக்கு நான்கு டேப்லெட் போதும். ஒன்று குரல்களைப் பிரித்துக் கேட்பதற்கு, ஒன்று காணொளி அழைப்புக்கு, இரண்டு பதிவுக்கு. சந்தா வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல ஒலிவாங்கி ஒன்று, மண்டபத்தில் எல்லோர்க்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி ஒன்று, பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுவர் கதைப் புத்தகங்கள் ஐம்பது, அட்டைப் பெட்டிகளுக்கான தாள் ஆகியவற்றைக் கேளுங்கள். அவர் தம் பெயரைப் பதினைந்து கருவிகளில் பொறிக்க விரும்பினால், ஐம்பது புத்தகங்களில் பொறிக்கலாமே என்று குழுத் தலைவர் சொல்லட்டும். அந்தப் பேச்சில் நீங்கள் நேரடியாக நுழையாமல் இருப்பது நல்லது. ஆறாம் வகுப்புத் தேர்வுக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள். பத்து நிமிட நினைவுச் சோதனை தேர்வுக்கும் உதவும் என்று தயங்காமல் சொல்லலாம்.

எட்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், முதல் வாரத்தில் கற்பித்த இருபது சொற்களைக் கேட்டுப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் கற்பித்த சொற்களை இப்போதே அதே போலக் கேட்டால் எத்தனை வருகிறது என்பதையும் இந்தச் சனிக்கிழமையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒப்பிட முடியாது. அந்த ஒன்பது வயதுச் சிறுமியை முதல் பதிவுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் காதில் சொற்கள் நிறைய இருக்கின்றன, வாய்தான் திறக்க வேண்டும். பதிவுகளில் இரண்டு மூன்றை எனக்கு அனுப்பினால், ழகரம் எந்தச் சொல்லில் தடுக்குகிறது, எதில் சரியாக வருகிறது என்று கேட்டு எழுதுகிறேன்.